உவரிப் பக்கம் வள்ளத்தில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: பாளையங்கோட்டையில் இருந்து நண்பர்கள் நாலு பேர், ஒரு சனி ஞாயிறு முழுக்க உவரிப் பக்கம் பைபர் வள்ளம் பிடித்துத் தூண்டில் போட ஆசை. என்ன தங்கூசி (தூண்டிலுக்கான நைலான் நரம்பு), என்ன முள், ரீல் வேண்டுமா, சீலா எங்கே கிடைக்கும், எந்த மாதம் தோது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "எங்களில் ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது, பரவாயில்லையா?" அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இந்தக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவன். அதனால் இந்தப் பதிலில் தூண்டிலைவிட வள்ளமும் கடலும்தான் கூடுதலாக இருக்கும்.

முதலில் நாளைச் சரிசெய்துகொள்ளுங்கள். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி, கூட்டப்பனை என்று இந்தக் கரை முழுக்கக் கத்தோலிக்க மீனவ ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலும் யாரும் கடலுக்குப் போவதில்லை. கூடுதல் காசு கொடுக்கிறோம் என்று யாரையாவது வற்புறுத்தி ஞாயிறு கிளம்பினால், கடலில் ஒரு கோளாறு வந்தால் கூப்பிடு தூரத்தில் இன்னொரு வள்ளம் இருக்காது. சனிக்கிழமை அப்படி இல்லை. ஆகவே வெள்ளி இரவு வந்து தங்கி, சனி விடியுமுன் கிளம்பி, மதியத்துக்குள் கரை ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு கடலில் தங்கும் யோசனையை விடுங்கள். திறந்த வள்ளத்தில் பழக்கமில்லாத நாலு பேர் இருட்டில் உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

மாதம் என்று கேட்டால் பொங்கல் கழிந்து மார்ச் முடியும் வரை. வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றாலைக் காற்றாடிகளை எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான் கடலிலும் விழுகிறது. அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை புயல், தாழ்வு மண்டலம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி எவ்வளவு சீக்கிரம் புயலானது என்பது இந்தக் கரைக்கு மறக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், வள்ளங்களுக்கு இல்லை. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். காரணம் கள்ளக்கடல்.

கள்ளக்கடல் என்பது இங்கே அடிக்கும் காற்றால் வருவதல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயல் கிளப்பிய நீண்ட அலை, இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, கரையில் மட்டும் அலை எழும்பி அடிக்கும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் இதற்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறது, திருநெல்வேலிக் கரையைப் பெயர் சொல்லியே கொடுக்கும். அவர்களுடைய முன்னறிவிப்பைப் பார்க்கும்போது அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை 7, 8 விநாடிக்கு ஒன்று என்றால் வள்ளம் ஆடும், அவ்வளவுதான். அதே ஒரு மீட்டர் 15 விநாடிக்கு மேல் என்றால், ஆழத்தில் தெரியவே தெரியாது; கரைக்கு வந்ததும் ஆளுயரத்துக்கு எழும்பி மடங்கும். உங்களைப் போன்ற புதியவர்களுக்கு நான் வைக்கும் அளவு: காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்குள், அலை ஒரு மீட்டருக்குள், இடைவெளி 12 விநாடிக்குள். இதில் ஒன்று தவறினாலும் கரையில் இருந்து தூண்டில் போடுங்கள். இது சட்டம் இல்லை, என் கணிப்பு. ஆனால் அன்று காலை மணலில் நின்று கடலைப் பார்க்கும் வள்ளத்துக்கார அண்ணாச்சி வேண்டாம் என்றால், எந்த முன்னறிவிப்பும் அதற்கு மேல் இல்லை.

அவர் தயங்காமல் வேண்டாம் என்று சொல்ல நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். கூலி பேசும்போதே, "அண்ணாச்சி, கடல் சரியில்லைன்னு நீங்க போகலைன்னாலும், பாதியில திரும்புனாலும் பேசுன கூலி முழுசா உண்டு" என்று சொல்லிவிடுங்கள். கடலுக்குப் போனால்தான் காசு என்று இருந்தால், சந்தேகமான நாளிலும் அவர் கிளம்பத்தான் செய்வார். எரிபொருள் யார் செலவு, பிடித்த மீன் யாருக்கு என்பதையும் அப்போதே பேசுங்கள். இன்னொன்று: மீன்பிடிக்கப் பதிவு செய்த வள்ளம் ஆட்களை உல்லாசமாக ஏற்றிச் செல்ல அனுமதி வாங்கியது அல்ல. ஏதாவது ஆனால் உரிமையாளர் தலையில்தான் விடியும். அதனால் ஊர்க் கமிட்டிக்குத் தெரியாமல் போகாதீர்கள், நாலு பேரும் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

நீச்சல் விஷயம். நீச்சல் தெரியாதது தடை இல்லை, லைப் ஜாக்கெட் இல்லாததுதான் தடை. நீச்சல் தெரிந்தவர்களும் போட வேண்டும், மணலில் போட்டது மணலுக்குத் திரும்பிய பிறகே கழற்ற வேண்டும். வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று இருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, கரையோரத்துக்கு. உங்களுக்கு 100 அல்லது 150 வேண்டும்; மயங்கினாலும் முகத்தை மேலே வைக்கும்படி செய்தது அதுதான். கால் இடுக்கில் வரும் பட்டை இல்லாத ஜாக்கெட், தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே ஏறி நிற்கும்; ஆள் கீழே போவார். போட்டுக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

கடலில் ஆபத்தான இடம் ஆழம் என்று நினைக்கிறீர்கள். இந்தக் கரையில் ஆபத்து முதல் நூறு மீட்டரில் இருக்கிறது, அலை மடங்கி உடையும் இடத்தில். தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் வளைத்துக் கட்டிய கல் சுவர்) கட்டிய ஊரில் இருந்து கிளம்பினால் பாதிக் கவலை தீர்ந்தது. திறந்த மணலில் இருந்து தள்ளும் ஊர் என்றால், அலைகள் கூட்டமாக வருவதைக் கவனியுங்கள்: பெரிதாக நாலைந்து, பிறகு கொஞ்ச நேரம் சிறிதாக. வள்ளத்துக்காரர் அந்தச் சின்ன அலைகளுக்காகத்தான் காத்து நிற்கிறார், அவசரப்படுத்தாதீர்கள். அவர் சொன்னதும் ஏறி, நடுவில், பலகைக்குக் கீழே, தளத்தில் உட்காருங்கள். நிற்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, அலை வரும்போது ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. அணியம் (வள்ளத்தின் முன்முனை) அலைக்கு நேராக நிற்கும்வரை எவ்வளவு தூக்கிப் போட்டாலும் வள்ளம் தாங்கும். குறுக்கே திரும்பினால் ஒரே அலையில் கவிழும்.

திரும்பி வருவது போவதைவிடச் சிரமம். அலை பின்னால் இருந்து வரும். ஒரு அலையின் முதுகில் ஏறி, அதைவிட வேகமாகவும் போகாமல், பின்னால் வருகிறதுக்கும் மாட்டாமல் கரை சேர்க்க வேண்டும். முந்தினால் அணியம் தண்ணீரில் குத்தி அமரம் (பின்முனை) தூக்கித் திரும்பிவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்பே தூண்டில், முள், ஈயம் எல்லாம் மூடியுள்ள வாளிக்குள் போயிருக்க வேண்டும். கவிழும் வள்ளத்தில் தொங்கும் முள் கத்தியைவிட மோசம். மணல் தட்டியதும் குதித்து வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வள்ளத்தை அடுத்த அலை பக்கவாட்டில் தள்ளும்போது இடையில் இருக்கும் கால் முறியும். இந்தக் கரையில் வெளியாட்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இனி எஞ்சின். இங்குள்ள வள்ளங்களில் பத்துக் குதிரைத்திறன் அளவிலான அவுட்போர்டு சாதாரணம். முழு வேகத்தில் டூ ஸ்ட்ரோக் மணிக்கு நாலு ஐந்து லிட்டர் குடிக்கும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு என்று ஏற்றுங்கள். பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக்குக்கு ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. மண்ணெண்ணெயில் ஓட்டுகிற எஞ்சின் என்றால் ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். "மீன் பாயுது, நிறுத்துங்க நிறுத்துங்க" என்று நீங்கள் கத்தி அவர் சட்டென்று நிறுத்தினால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும். ஆறிப்போன பிறகு கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் எடுக்காது.

ஓடும்போது பின்பக்கச் சிறு துளையில் இருந்து தண்ணீர் நூலாகப் பீச்சிக்கொண்டே இருக்கிறதா என்று உங்களில் ஒருவர் கண் வைத்திருங்கள். அது நின்றால் உடனே அணைக்க வேண்டும். பெரும்பாலும் பிளாஸ்டிக் பை ஒன்று நீர் உறிஞ்சும் சல்லடையில் ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் போயிற்று. கடலில் அதைச் சரிசெய்ய முடியாது, உதவி கேட்க வேண்டும். தானாக மூச்சு வாங்கி நின்றால் முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள், பிறகு எரிபொருள் குழாயில் உள்ள கைப்பம்பு அமுக்கினால் கெட்டியாகிறதா, வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து நிற்கிறதா. இதற்கெல்லாம் முன்பு நங்கூரத்தை இறக்கச் சொல்லுங்கள். காற்று கரையைப் பார்த்து வீசினால், நீங்கள் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வள்ளம் அலை உடையும் இடத்துக்குப் போய்விடும். இரண்டு துடுப்பு, மாற்று பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், கிளப்புகிற கயிறு, புரொப்பல்லர் பின் இவை வள்ளத்தில் இருக்கின்றனவா என்று கிளம்புமுன் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தூண்டில்காரர்களால் எஞ்சினுக்கு வரும் கேடு தங்கூசி. நுனி ஒன்று புரொப்பல்லரில் சிக்கினால் தண்டைச் சுற்றி உள்ளே ஏறி ஆயில் சீலை அறுத்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்துக் கியர் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் வரும். கடல்நீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், பல் சக்கரம் துருப்பிடித்திருக்கும். எஞ்சினைக் கிளப்புமுன் எல்லாத் தூண்டிலும் உள்ளே வந்தாயிற்றா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கடலில் போடாதீர்கள்.

மீன் இருக்கும் இடம் என்றால் பார். கடலடியில் பாறையும் பவளமும் எழும்பிய திட்டுகள். இந்தக் கடலில் அவை கரைக்குப் பக்கத்திலேயே உண்டு. 2023 செப்டம்பரில் கூடங்குளத்துக்கு நீராவிக் கலன்களை ஏற்றி வந்த மிதவை பாறையில் தட்டி நின்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். (அணுமின் நிலையத்துக்கு முன்னால் உள்ள கடல் பாதுகாப்பு வளையம், அந்தப் பக்கம் போகவே நினைக்காதீர்கள்.) பழைய ஆட்கள் உவரி கப்பல் மாதா கோயிலையும் பின்னால் ஒரு காற்றாடியையும் ஒரே கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளத்தையும் சேர்த்துக் கணியம் பார்த்துப் பாரைப் பிடிப்பார்கள். இன்று ஜிபிஎஸ்ஸிலும் குறித்து வைத்திருப்பார்கள். அந்த எண்களைக் கேட்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. உங்களுக்கு 10 முதல் 20 பாகம் ஆழம் போதும் (ஒரு பாகம் சுமார் ஆறடி).

பாருக்குக் கைத்தூண்டில்தான் சிறந்தது, ரீல் இல்லாமலே நடக்கும். 0.80 அல்லது 0.90 மில்லிமீட்டர் தங்கூசி நூறு மீட்டர், கட்டையில் சுற்றியது. கீழ்முனையில் ஈயம், 20 பாகத்துக்கு 200 கிராம். அதற்கு மேலே ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கிளை, ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம், 0.60 தங்கூசியில். முள் விளமீனுக்கு 2/0, கலவாயைத் தேடினால் 5/0. ஈயத்தை மட்டும் 0.40 போன்ற மெல்லிய துண்டில் கட்டுங்கள். பாறையில் சிக்கினால் அது அறுந்து ஈயம் மட்டும் போகும், மீதி கைக்கு வரும். இரை கணவாய், ஒரு விரல் அகலத்தில் நீள வாக்கில் கீறியது, அல்லது புதுச் சாளையைச் சாய்வாக வெட்டியது. நாலு பேருக்கு ஒரு காலைக்கு இரண்டு கிலோ போதும். ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறினால் இரை வெளுத்துக் குழையும், மீன் தொடாது. பையில் கட்டி ஐஸ் மேல் வையுங்கள்.

ஈயம் தரை தட்டியதும் ஒரு அடி தூக்கிப் பிடியுங்கள். தரையிலேயே விட்டால் சிக்கும். கொத்துவது விரலில் தெரியும். முதல் தட்டுக்கு இழுக்காமல், கனம் ஏறியதும் நீளமாக ஒரு இழுப்பு, பிறகு நிற்காமல் இரண்டு மூன்று பாகம் மேலே கொண்டுவர வேண்டும். கலவாய் கிடைத்த இடைவெளியில் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். அப்போது மல்லுக்கட்டாமல் தூண்டிலைத் தளர்த்தி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பல நேரம் தானே வெளியே வரும். தூண்டிலை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். விரலுக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் வேண்டும்.

நீங்கள் கேட்ட சீலா பாரின் அடியில் இல்லை. மேல்மட்டத்தில் சாளைக் கூட்டத்தைத் துரத்தும். சீலா, ஊளி, சூரை, பாறை மீன் இவற்றுக்கு வள்ளம் ஓடும்போதே பின்னால் செயற்கை இரையை இழுக்க வேண்டும், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில். ஒன்று 25 மீட்டர், இன்னொன்று 40 மீட்டர் பின்னால். இரண்டுக்கு மேல் போட்டால் திரும்பும்போது பின்னிக்கொள்ளும். இரைக்கு முன்னால் ஒரு அடி கம்பி இல்லாவிட்டால் சீலாவின் பல் தங்கூசியைக் கத்தரித்துவிடும். ராடும் ரீலும் இதற்குத்தான் உதவும். நாலு பேருக்கு இரண்டு போதும். சீலா கிடைக்கும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. விளமீனும் சிறு கலவாயும் நம்பிப் போகலாம்.

அமாவாசை, பௌர்ணமி பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த நாட்களை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், ஈயம் கூடுதலாக வேண்டும் என்பது நிச்சயம். மீன் அதிகம் கொத்துமா என்பதில் அனுபவஸ்தர்களே ஒத்துப்போவதில்லை. நாள் பார்த்து விடுப்பு எடுக்கும் அளவுக்கு அதை நம்ப வேண்டாம். மீன் இருக்கும் பகுதி என்று இன்காய்ஸ் வெளியிடும் குறிப்பு, கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பசும்பாசியையும் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வது. சாளை, சூரைக்குப் பயன்படும். பார் மீனுக்கு அது எதுவும் சொல்லாது.

எடுக்கக் கூடாதவை: ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை. இவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ஆமை முள்ளில் மாட்டினால் தூக்கித் தொங்கவிடாமல் வாய்க்கு ஒட்டித் தங்கூசியை வெட்டி விடுங்கள். பேத்தை (உடம்பை ஊதிக்கொள்ளும் மீன்) வந்தால் திருப்பி விடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. கெளிறு, திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவு, வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தினால் வலி இறங்கும். அதற்காகப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். பிறகு மருத்துவமனை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், விசில், டார்ச், உறையிட்ட போன். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது; எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் பலமான ஏற்பாடு. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இட்லி போதும். ஒருவர் விடாமல் வாந்தி எடுத்தால் வள்ளத்தைத் திருப்புங்கள்.

பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பும், அதற்குமுன் கரையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். மீன் ஏறியதும் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு ஐஸில் புதையுங்கள், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். சூரையும் அயிலையும் சீலாவும் வெயிலில் கிடந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின் எந்தக் கொதியிலும் அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை இடிக்கும். பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை பெட்டியின் வடிகால் துளையைத் திறந்தே வையுங்கள், மீன் தண்ணீரில் மிதக்கக் கூடாது. ரீலையும் முள்ளையும் அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மறுநாள் என்றால் உப்பு பிடித்துவிடும்.